மேக்கப்மேனின் கைவண்ணம்

ஒலிப்பதிவாளர் பொத்தானை அழுத்த மறந்திருந்தார்.

நடிகை முழுப் படத்துக்கும் பேசி, தண்ணீர் குடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போன பிறகுதான் தெரிந்தது, கணினியில் ஒரு சொட்டுச் சத்தம்கூட இல்லை என்று.

முப்பது வருட சர்வீஸ். கழுதை மேய்க்கப் போயிருந்தால் இந்நேரம் நாலு கழுதையாவது மிஞ்சியிருக்கும்.

முதலாளி வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி. ஆபீசில் திட்டு வாங்கினால் அது ராத்திரி சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரும்.

அதனால் போனில் ஒரு பொய் சொன்னார். “மெஷின்ல ஏதோ கோளாறும்மா. சிரமம் பார்க்காம இன்னொரு தடவை வந்துட்டுப் போக முடியுமா?”

நடிகை வந்தார். என்ன கோளாறு, ஏது கோளாறு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டார் ஒலிப்பதிவாளர்.

பழைய நீதிமன்றப் படம். கணவனைக் கொன்றதாகக் கூண்டில் நிற்கும் பெண்ணாக நடிகை நடித்திருந்தார். இயக்கியது அவருடைய சொந்தக் கணவர். நீதிபதியாக நடித்ததும் அவரேதான். போன வருடம் காலமாகிவிட்டார். அவர் நினைவாகத்தான் டிஸ்க் வெளியாகிறது; அட்டை முழுக்க அவர் முகம். படம் ஓட ஓட நடிகை சொல்லும் நினைவுகள் அதில் தனி ஒலித்தடமாகச் சேரும்.

இந்தத் தடவை ஒலிப்பதிவாளர் பொத்தானை அழுத்தினார். மைக்குக்குப் பக்கத்தில் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. எழுந்து போய்ப் பார்த்தார். எரிந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

அவருக்கு ஒரே ஒரு காட்சி கிடைத்தால் போதும். மற்றதெல்லாம் எக்கேடு கெட்டாலும் சரி.

வக்கீல் துருவித் துருவிக் கேட்க, அந்தப் பெண் பதில் சொல்லாமல் கையை மட்டும் நீட்டிக் காட்டும் காட்சி. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கன்றிப்போன தடங்கள். அந்தக் கைக்காகவே மேக்கப்மேனுக்கு விருது கொடுத்தார்கள்.

முதல் தடவை பேசிய அன்று, அந்த இடம் வந்தபோது நடிகை, காபி ஆறிப்போச்சு என்பதுபோல, அலுத்த குரலில் சொல்லியிருந்தார்.

“இது மேக்கப் இல்ல. முந்தின ராத்திரி அவர் அடிச்சது. ஷாட் நல்லா வந்துச்சுன்னு அவருக்கு ஒரே சந்தோஷம்.”

அன்றிலிருந்து ஒலிப்பதிவாளருக்குத் தூக்கமில்லை. ஆயுசுக்கும் வாய் திறக்காத மனுஷி ஒரு தடவை திறந்தார். அதை இந்த உருப்படாத கையல்லவா தொலைத்தது.

இதோ, காட்சி வந்துவிட்டது. திரை முழுக்க அந்தக் கை.

ஒலிப்பதிவாளர் சிவப்பு விளக்கை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார்.

நடிகை மைக் அருகே குனிந்தார். “மேக்கப்மேன் அண்ணனோட கைவண்ணம். எவ்வளவு தத்ரூபம், பாருங்க.”

அதற்குப் பிறகு நீதிபதி கணீரென்று தீர்ப்பு வாசித்ததும், அவளை விடுதலை செய்ததும் ஒலிப்பதிவாளர் காதில் ஏறவில்லை. படம் முடிந்தது. பதிவை நிறுத்தினார். கேட்கக் கூடாதுதான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“அம்மா, அன்னிக்கு அந்தக் கையப் பத்தி ஒண்ணு சொன்னீங்களே. இன்னிக்கு ஏன் சொல்லல?”

நடிகை கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அணைந்திருந்த விளக்கை ஒரு பார்வை பார்த்தார்.

“அன்னிக்கு இது எரியலையே தம்பி. அதப் பார்த்துட்டுத்தான் சொன்னேன்.”