மரம் விழுந்த இடம்

முதல் வெட்டு பெரியகருப்பனின் தோளில் இறங்கியது.

ராக்கு அந்த அரிவாளைத் தேங்காய் உடைக்கத்தான் கொண்டுவந்திருந்தாள்.

இரண்டாவது வெட்டுக்குக் குறுக்கே கையை நீட்டினான். விரல்கள் போயின. ஈரச் சருகில் சறுக்கி விழுந்து, மல்லாந்தபடியே பின்னுக்கு நகர்ந்தான்.

“மரந்தான் ஆத்தா கொன்னுச்சு! நான் கத்துனேன், சோணை வெலகல. சத்தியமாச் சொல்றேன்!”

இதே சத்தியத்தை மாசியிலும் அவள் ஊரான ராசிங்காபுரத்துக்கு வந்து செய்தான். மலையில் அத்தனை பேரை மேய்க்கிற கங்காணி, தலை நசுங்கிய அவள் புருஷன் சோணையைத் தன் தோளிலேயே சுமந்து இறக்கினான். கருமாதிவரை கூடவே நின்றான். பாவி, அழக்கூடச் செய்தான். அன்றிலிருந்து அவனை அண்ணே என்றுதான் கூப்பிட்டாள்.

ஆனியில் மழை பிடித்ததும், புருஷன் உயிர் போன இடத்தில் ஒரு விளக்காவது வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வேறு வழியில்லாமல் மேலே கூட்டிவந்து, மூட்டத்துக்குள் கிடந்த ஒரு பெருமரத்தை இதுதான் என்று காட்டினான்.

ஏலக்காயை இங்கே யாரும் விதைப்பதில்லை. அடர்ந்த சோலைக்குள் ஒரு பெரிய மரத்தை வெட்டிச் சாய்ப்பார்கள். மண் அதிர வேண்டும், வெளிச்சம் உள்ளே இறங்க வேண்டும். அடுத்த மழைக்கு, விழுந்த மரத்தின் இரு பக்கமும் தானாக முளை கிளம்பும்.

இந்த மரத்தை ஒட்டியும் கிளம்பியிருந்தது. சோணையின் ரத்தம் வீண்போகவில்லை என்று ராக்கு அந்தத் தழையில் முகம் புதைத்து அழுதாள்.

அழுது முடித்து, விளக்கு வைக்க இடம் தேடிச் செடியின் தூரை விலக்கினாள்.

இப்போது அவன் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, அதே தூரில் முகத்தை வைத்து அழுத்தினாள்.

“அப்ப இது என்னாடா?”

ஏலம் உச்சியில் பூப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு ஓடும் சரத்தில்தான் பூக்கும். அதுவும் முளைத்து மூன்று வருஷ மழையாவது பார்த்த பிறகுதான்.

சோணை செத்து நாலு மாதம்தான் ஆகிறது.

பெரியகருப்பனின் மூக்குக்கடியில், ஊதாக் கோடு ஓடிய வெள்ளைப் பூக்கள் சரம் சரமாக மலர்ந்து கிடந்தன.

அதற்குப் பிறகு அவன் மரத்தின் பேரை எடுக்கவில்லை.