அறுந்த பைப்

"மூணாவது தடவையா ஏசி நின்னு போச்சு! நீ மெக்கானிக்கா, இல்ல ஊரையே மொட்டை அடிக்க வந்தவனா?" கார்க்காரர் போட்ட சத்தத்தில் ஒர்க்‌ஷாப்பே திரும்பிப் பார்த்தது.

மெக்கானிக்குக்கும் ரத்தம் கொதித்தது. நாற்பது வருஷத்துப் பழைய கார் அது. செத்துக் கிடந்த ஏசிக்கு உயிர் கொடுக்க இரண்டு மாதம் நாயாக அலைந்திருந்தான். கேஸ் பைப்பைக் கழற்றி அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"நல்லாப் பாருங்க சார். இது தானா வெடிச்சதில்ல, கத்தியால அறுத்தது. மூணு தடவையும் இதே கதைதான்."

"அப்போ எங்க வீட்டு வாட்ச்மேன்தான்! வண்டி பக்கத்துல வேற யார் இருக்கா? இப்பவே அவனைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்கறேன்."

அவர் போனை எடுத்ததும், காருக்குப் பக்கத்தில் நின்ற அவர் மனைவி குறுக்கே வந்தாள்.

"அந்தப் பாவத்தைச் செய்யாதீங்க. அறுத்தது நான்தான்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"வீட்டுல நாள் முழுக்க உங்க வசவு. கார்ல ஏறினா மட்டும்தான் எனக்கு நிம்மதி. கண்ணாடி இறங்கியிருந்தா நாலு பேர் காதுல விழும்னு வாயை மூடிக்கிட்டு வருவீங்க. ஏசி ஓட ஆரம்பிச்சதும் கண்ணாடியை ஏத்திட்டு அங்கேயும் ஆரம்பிச்சிட்டீங்களே!"

கார்க்காரர் பல்லைக் கடித்தபடி மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன வேடிக்கை பார்க்கிறே? புதுப் பைப்பை மாட்டு."

மேஜைமேல் தயாராக இருந்த புதுப் பைப்பை மெக்கானிக் டிராயருக்குள் தள்ளிப் பூட்டினான்.

"இந்த மாடலுக்கு இனிமே பைப் எங்கேயும் கிடைக்காது சார்."