மூன்றாம் பதிப்புக்கு முழுக்கு

ஹெல்வி இலவங்கப்பட்டை பன் சுட்டிருந்தாள். புருஷன் செப்போவுக்கு இன்று சாயங்காலம் ஆறு மணியோடு விடுதலை; அதைக் கொண்டாடத்தான்.

சின்ன நூலகங்களுக்காகச் செப்போ எழுதிய மென்பொருள் இப்போது எட்டாம் பதிப்பில் ஓடுகிறது. அதை இளவட்டங்கள் பார்த்துக்கொள்கிறார்கள். யாரும் சீண்டாத மூன்றாம் பதிப்பைச் சம்பளமில்லாமல் பழுது பார்ப்பவர், தம்பெரே நகரத்து இந்த அறுபத்தெட்டு வயதுக்காரர் மட்டும்தான்.

கைகழுவவும் ஒரு முறை உண்டு. அறிவித்துவிட்டு முப்பது நாள் காத்திருக்க வேண்டும்; இன்றுதான் முப்பதாம் நாள். "எங்களுக்கு இன்னும் வேண்டும்" என்று ஒரே ஒருவர் எழுதிவிட்டாலும் போச்சு, இன்னொரு வருடம் மாரடிக்க வேண்டியதுதான்.

"ரெண்டு வருஷமா கடைசி நாள்ல வந்து கழுத்தறுக்கிறாங்களே, அந்தக் கூசிலம்பி ஊரு லைப்ரரி அம்மா!" என்றார் செப்போ.

"ஒரே ஒரு ஆளுக்காகவா இந்தப் பாடு? இந்தத் தடவை மசிஞ்சிடாதய்யா." ஹெல்வி காபியை ஊற்றினாள். "ஆமா, சும்மா இருந்து என்ன பண்ணப்போற?"

செப்போவின் முகம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை உருவினார். "முதல்ல நம்ம சவுனா அடுப்பைப் பிரிக்கிறேன். போன்லயே சூடேத்துற மாதிரி மாத்திடலாம்."

சனிக்கிழமை சவுனா என்கிற நீராவி அறையில் உட்கார்ந்து வேர்த்துக் குளிக்காவிட்டால் ஹெல்விக்கு அந்த வாரமே விடியாது. அவள் பன்னை மென்றபடி தலையாட்டினாள்.

குளியலறையில் துவைக்கிற மெஷின் தடதடவென்று நகர்ந்து வந்து கதவை இடித்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், முதன்முதலாக அறிவிப்பு கொடுத்துவிட்டுச் சும்மா இருந்த மாதத்தில், செப்போ அதைக் கழற்றி மாட்டியிருந்தார்.

"பிரமாதம்," என்றாள் ஹெல்வி. "அக்காகிட்ட போன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்." விறுவிறுவென்று மாடிக்குப் போனாள்.

ஆறடிக்க ஐந்து நிமிடம். மடிக்கணினி டிங்கென்றது.

‘ஐயா, எங்கள் கணினி ரொம்பப் பழசு. எட்டாம் பதிப்பு ஓடாது. நாற்பது பிள்ளைகள் புத்தகத்துக்குக் காத்திருக்கிறார்கள். உங்களைத்தான் நம்பியிருக்கிறோம். கூசிலம்பி நூலகம்.’

செப்போவுக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தில் ஒரு ஜீவனுக்காவது தன் கைவேலை வேண்டியிருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்தது. இன்னும் ஒரு வருடம் பார்த்துக்கொள்வதாகப் பதில் எழுதிவிட்டு, அளவு நாடாவை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"ஹெல்வி! கெடுத்துட்டாங்க! மறுபடியும் கூசிலம்பி!"

"அடக் கடவுளே!" மாடியிலிருந்து குரல் வந்தது. "அந்தப் பொம்பளைக்கு வேற வேலையே இல்லையா?"

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் கிசுகிசுத்தாள்.

"அடுப்பு தப்பிச்சுதுக்கா! அடுத்த வருஷம் கூசிலம்பி லெட்டரை நீ எழுதிடு, எனக்குப் பொய்யெல்லாம் தீர்ந்துபோச்சு."