இருநூற்று ஒன்றாவது வரிசை

ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றிப் பதினோரு நாளாகியும் ஒருத்தரும் பார்க்கவில்லை. முப்பது பேர் பார்த்தால்தான் பட்டம். எது யார் கண்ணில் படவேண்டும் என்பதை அல்காரிதம்தான் முடிவுசெய்யும்.

மணியரசியின் ஆய்வே அதைப் பற்றியதுதான். ஒரே வீடியோவை இருநூறு கணக்குகளில் போட்டுப் பார்த்தாள். வேறு முகவரி கொடுத்த நூறைக் காட்டிய அல்காரிதம், சூளைத் தெரு முகவரி கொடுத்த நூறையும் யாருக்கும் காட்டவில்லை. அவள் வீடும் அதே தெருதான்.

வழிகாட்டிப் பேராசிரியர் போனில் சலித்துக்கொண்டார். "ஹாஸ்டல் விலாசத்தப் போட்டுத் தொலையேம்மா. நாளைக்குக் கடைசி நாள்."

சித்தாள் வேலை முடிந்து வந்திருந்த அம்மா குப்பாயி, கையில் காய்ந்த சிமெண்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "மாத்திட்டுப் போயேன்டி. என் போன்ல வேலைக்குக் கூப்புடுற ஆப்புல மேஸ்திரி வீட்டு விலாசம்தான் இருக்கு. இல்லன்னா எவன் என்னை வேலைக்குக் கூப்புடுவான்?"

"எல்லாரும் இப்படி மாத்துனதாலதான்மா, நம்ம தெருவுல வேலை தெரிஞ்ச ஆளே இல்லன்னு அது நெனச்சிக்கிச்சு."

மணியரசி அட்டவணையைத் திறந்தாள். இருநூறுக்குக் கீழே இன்னொரு வரிசை சேர்த்தாள். தன் பெயர், சூளைத் தெரு, பார்த்தவர்கள்: பூஜ்யம். முகவரியை மாற்றாமலே ஆய்வேட்டை மறுபடி ஏற்றினாள்.

குப்பாயி கையைப் புடவையில் துடைத்துவிட்டுத் தன் போனை நீட்டினாள்.

"மேஸ்திரி வீட்ட அழிச்சிட்டு நம்ம தெருவப் போடு. என்னையும் உன் அட்டவணையில சேத்துக்க."

"நாளைக்கு வேல வராதும்மா."

"தெரியும்டி. போடு."