சாப்பிட்டீங்களா?

நர்ஸ் வேலையை விட்டுவிட்டுக் கார்ப்பரேட் பயிற்சியாளரான ஜெசிந்தாவின் முதல் வகுப்பில் ஆட்களே இல்லை. மேசைமேல் ஓர் இயந்திரம் மட்டும் இருந்தது. வேலை போன செய்தியை ஊழியர்களுக்குப் போனில் சொல்வது அதன் வேலை. அதைப் பக்குவமாகச் சொல்ல அவள் பழக்க வேண்டும், அதுவும் தன் குரலிலேயே.

"எடுத்த எடுப்புல சொல்லிராத. முதல்ல 'சாப்பிட்டீங்களா'ன்னு கேளு," என்றாள். வார்டில் நோயாளியின் வீட்டாரிடம் கெட்ட செய்தி சொல்லும்போது அவள் அப்படித்தான் ஆரம்பிப்பாள். வெறும் வயிற்றோடு கேட்டால் மயங்கி விழுந்துவிடுவார்கள்.

அடுத்த மாதம் அவள் கணவன் சேவியருக்குப் போன் வந்தது. அவன் கம்பெனியும் அதே இயந்திரத்தை வாங்கியிருந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றது ஜெசிந்தாவின் குரல்.

"இன்னும் இல்ல."

"நல்லது. நாளையிலேர்ந்து நீங்க வேலைக்கு வர வேண்டாம்."

ஜெசிந்தா விடுவிடுவென்று போய், இயந்திரத்தை விற்கும் தன் கம்பெனி மேனேஜரின் அறைக் கதவைத் தள்ளினாள். "சாப்பிடலன்னா நல்லதா? சாப்பிடலன்னு சொன்னா ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டுத்தான்யா நான் அடுத்த பேச்சே பேசுவேன்! என் குரல்லயே என் புருஷன வெளிய தள்ளுவீங்களா?"

"டீக்கு அதுல வசதி இல்ல மேடம்," என்று மேனேஜர் சிரித்தார். "ஆனா உங்க கேள்விக்கு செம வரவேற்பு. ஊர்ல எல்லாக் கம்பெனியும் வாங்கியாச்சு."

வீட்டுக்கு வந்தாள். வடித்த சோறு தொடாமல் ஆறிக் கிடந்தது. வாய்ப்பழக்கத்தில், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

சேவியர் திடுக்கிட்டு எழுந்து நின்றான்.

"சொல்லிரு," என்றான். "இன்னும் என்ன போச்சு?"