ரெண்டு தரம் பூசிய கிரீஸ்

மோத்ரியாவின் உருளைக்கிழங்குப் பாத்தியில் விழுந்து கிடக்கும் ரஷ்ய ஏவுகணைத் துண்டு காலை வெயிலில் இன்னும் புகைகிறது. அவள் வீட்டுக் கூரையில் பாதியைக் காணோம். உக்ரைனிடம் அணு ஏவுகணைகள் இருந்த காலத்தில் எங்கள் பிரிலுக்கி விமானத்தளத்தில் அவற்றைப் பராமரித்த ஹ்னாத், முழங்காலிட்டு அந்தத் துண்டின் மேலிருக்கும் மண்ணைத் துடைக்கிறார். வெள்ளைப் பெயிண்டில் அவர் கையாலேயே எழுதிய எண். “இது நம்மளோடது, மோத்ரியா. அணுகுண்டை மட்டும் கழட்டிட்டு நம்ம மேலயே விட்டிருக்கானுங்க. குண்டையெல்லாம் குடுத்துட்டா எவனும் உங்களைத் தொடமாட்டான்னு பெரிய நாடுங்க கையெழுத்துப் போட்டுச்சே, அதை நம்பி நான்தான் இதைப் பெட்டியில அடைச்சு ரஷ்யாவுக்கு அனுப்பினேன்.” “அந்தக் கையெழுத்தைக் கொண்டாந்து என் கூரையில ஒட்டுங்கண்ணே,” என்கிறாள் அவள். ஹ்னாத் திருகாணிகளை விரலால் தடவுகிறார். “வழியில துருப்பிடிச்சா நம்ம பேரு கெட்டுடும்னு ரெண்டு தரம் கிரீஸ் பூசினேன்.” விரலைத் திருப்பி வெயிலில் பார்க்கிறார். ஒரு பொட்டுத் துரு இல்லை.