சுவரோரத்து பானெட்

சுவரோரம் ஸ்டாண்டில் நின்ற கார் பானெட்டின் மேல் விளக்கைப் பிடித்ததுமே மூத்த மருமகளுக்கு வயிறு எரிந்தது. கறுப்புப் பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லை, மெஷின் ஓடிய சுழி ஒன்றுகூட இல்லை. குனிந்து பார்த்தால் அவளுடைய புருவத்து முடியைக்கூட எண்ணிவிடலாம் போலிருந்தது.

"பாவி, எப்படித் தேய்ச்சிருக்கா பாரு," என்று வாய்விட்டே சொன்னாள். பட்டறையில் கேட்க ஆளில்லை. எல்லோரும் மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சுவரோரம் அவளுடைய ஓரகத்தியின் இடம். வாசல் பக்கம் இவளுடையது. மாமனார் காயலான் கடையில் ஒரே மாதிரி இரண்டு பழைய கார் பானெட்டுகளைப் பிடித்து, சக்கரம் வைத்த ஸ்டாண்டுகளில் மாட்டி, மெருகேற்றச் சொல்லி காலையில் மருமகள்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்தார். யாருடையது நன்றாக வருகிறதோ அவளுக்கு, அவர் திறக்கப்போகும் புதுக்கடையின் சாவி. அவர் பெற்ற பிள்ளைகள் இருவரும் வண்டி கழுவுவதோடு சரி, மெஷின் பிடிக்கும் கை மருமகள்களுக்குத்தான் வாய்த்திருந்தது.

மூத்தவள் அந்தக் கடையை மனதுக்குள் எப்போதோ திறந்துவிட்டாள். நாற்காலியை எங்கே போடுவது என்பதுவரை முடிவாகிவிட்டது. பெயின்ட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் இந்த டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் மெஷினை வீட்டில் முதலில் பழகியது அவள். நேற்று வந்த சின்னவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள். ஆனால் வண்டி எடுக்க வருகிறவர்களெல்லாம் "சின்னவங்க கைக்கு ஒரு ராசி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூத்தவளின் கணவனே ஒருநாள் வாய்தவறிச் சொன்னான். அன்றைக்கு அவன் தட்டில் எதிலும் உப்பில்லை.

பட்டறையில் கீறல் பார்க்கும் விளக்கு ஒன்றுதான். காலையிலிருந்து அது சின்னவளிடம் இருந்தது. அவளிடம் போய்க் கேட்பதாவது என்று மூத்தவள் வாசல் வெளிச்சத்திலேயே தன் பானெட்டைத் தேய்த்து முடித்து, பரிமாற மாடி ஏறினாள். சின்னவள் கடைசியாக, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"இவ்வளவு நேரம் என்னடி பண்ணின?"

"வாசப்பக்கம் தூசி கிளம்பிடுச்சுக்கா, அதான்..."

"தெருவுல தூசி கிளம்பாம பன்னீரா தெளிக்கும்? உக்காந்து சாப்பிடு."

தட்டை அவள் முன்னால் தள்ளிவிட்டு இறங்கி வந்தவள்தான் இப்போது விளக்கும் கையுமாக நிற்கிறாள். இதை மாமனார் பார்த்தால் தீர்ந்தது. நாற்காலி போய்விடும், சாவி போய்விடும், காலம் முழுக்கச் சின்னவளின் புகழைக் கேட்டுக்கொண்டு இந்தப் பட்டறையிலேயே கிடக்கவேண்டியதுதான்.

மெஷினில் இருந்த மெத்தென்ற ஸ்பாஞ்ச் பேடைக் கழற்றி, முரட்டுப் பேடை மாட்டினாள். தரையிலிருந்து கொஞ்சம் மண்ணைக் கிள்ளி, பாலிஷ் பசையான காம்பவுண்டோடு சேர்த்து அதில் தடவினாள்.

இருந்த ஆத்திரத்தில் மெஷினை அழுத்திப் பிடித்தாள். அது உறுமியது, நடுங்கியது. பேடு மட்டும் சுற்றாமல் நின்றுவிட்டது. அழுத்தினால் சுற்றாது, கையை லேசாக வை என்று சின்னவளுக்கு அவளே படித்துப் படித்துச் சொன்ன பாடம் அது. பொறாமையைக்கூடப் பொறுமையாகத்தான் செய்யவேண்டியிருந்தது.

கையைத் தளர்த்தினாள். கோடு பிசகாமல், நிதானமாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டினாள். கண்ணாடியாக இருந்த பெயின்ட் பாலாடை படிந்தாற்போல் மங்கியது. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

பிறகு வாசல் பக்கத்து பானெட்டுக்குப் போனாள். மேலே மெல்லிய தூசி இறங்கியிருந்தது. கீறல் விழாமல் தண்ணீர் தெளித்து, குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டுவதுபோல் துடைத்து வைத்தாள். விளக்கடித்துப் பார்க்கவில்லை. இனி பார்த்து என்ன ஆகப்போகிறது?

மாமனார் ஏப்பம் விட்டுக்கொண்டே இறங்கிவந்தார். பின்னால் சின்னவள் வந்தாள். அவர் விளக்கை வாங்கி முதலில் வாசல் பக்கத்து பானெட்டைப் பார்த்தார், தலையை ஆட்டினார். சுவரோரம் போனவர் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரி இருக்கு?"

சின்னவள் ஓடிவந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூத்தவளின் முகத்தைப் பார்த்ததும் சொல்லாமல் நின்றாள்.

"நல்ல வேலை வாசப்பக்கம் இருக்கு. பெரியவளே கடையைப் பாத்துக்கட்டும்," என்று சாவியை மூத்தவளின் கையில் வைத்துவிட்டு மாமனார் மதியத் தூக்கத்துக்குப் போனார்.

சாவி கைக்கு வந்தால் கூடவே இரக்கமும் வந்துவிடுகிறது. சின்னவள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து மூத்தவள் பக்கத்தில் போய் அவள் தோளில் கை வைத்தாள்.

"அழாதடி. உனக்கும் ஒரு காலம் வரும்."

"நான் எனக்காக அழலக்கா. தூசி படாம இருக்கட்டும்னு, சாப்பிட வர்றதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்டாண்டையும் நான்தான் இடம் மாத்தித் தள்ளி வச்சேன்."

"அதுக்கென்ன இப்போ?"

"கெட்டுப்போனது நீங்க தேய்ச்சதுக்கா."